ஹண்டேக்குப் பின்னால்

மைசூர் வீடுகளில் வெந்நீர் அண்டாவை ஹண்டே என்றுதான் சொல்வோம். குளியலறை மூலையில் அடுப்போடு சேர்த்துப் பதித்த செப்புப் பாத்திரம். அப்பா அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபோது குடியிருந்த ஓட்டு வீட்டில், ஹண்டேக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. ஒரு நாய் சுருண்டு படுக்கலாம். தீபாவளி என்றால் கெம்பன் அங்கேதான்.

கெம்பன் தெருவில் பிறந்தவன், செம்மண் நிறம். கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. பக்கத்து வீட்டு அஜ்ஜி வைத்த பெயர்.

அவனுடைய கலக்கம் தசராவிலேயே தொடங்கிவிடும். விஜயதசமியன்று அம்பாரியில் இருக்கும் சாமுண்டேஸ்வரிக்கு மலர் தூவும்போது, தேசிய கீதத்தோடு 21 குண்டு முழங்கும். அந்தச் சத்தத்துக்கு யானைகளையும் குதிரைகளையும் பழக்க, முன்கூட்டியே பீரங்கி வெடித்துத் தாலீம் நடத்துவார்கள். பின்னாளில் ஒருமுறை அதைப் பார்த்தேன். முதல் வெடிக்கு ஒரு யானை பின்வாங்கியது. பாகன் அதன் கழுத்தைத் தட்டிக்கொண்டே ஏதோ பேசினார். அடுத்தடுத்த வெடிகளில் அது நிலைகொண்டது. எனக்குக் கெம்பன் நினைவு வந்து, அங்கே நிற்க முடியவில்லை. அவனை அப்படி யார் பழக்கினார்கள்?

தமிழர்கள் நாங்கள் நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெடிப்போம். கன்னடக்காரர்களுக்குப் பலிபாட்யமி இரவுவரை வெடி உண்டு. நடுவில் அவனுக்குத் தூக்கமே கிடையாது.

பாட்டி மட்டும்தான் அவனுக்காகப் பண்டிகையை மாற்றிக்கொண்டவள். வெளிச்சம் இருக்கும்போதே தெருவில் நடத்திக்கொண்டு போய் வருவாள். நாலு மணிக்கே தயிர்சோறு. இருட்டினால் வாய் வைக்க மாட்டான். திராட்சை போட்ட லட்டை அவன் பக்கம் கொண்டுபோகவே விடமாட்டாள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நான் அறிந்தது வெகு காலம் கழித்து. பிறகு ஜன்னல்களைச் சாத்தி, மைசூர் ஆகாசவாணியைச் சத்தமாக வைத்துவிட்டு, ஹண்டே பக்கத்தில் மணை போட்டு உட்காருவாள். கை அவன் முதுகில் இருக்கும்.

"நாய்க் காது நம்ம காது மாதிரி இல்லடா. நமக்குத் தெருவில வெடிக்குது, அவனுக்கு மண்டைக்குள்ள வெடிக்குது."

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது 45,000 வரை. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. பயம் செல்லம் கொடுத்து வளர்வதல்ல. பாட்டியின் கை பட்டதும் அவன் நடுக்கம் தணிந்ததை நான் கண்ணால் கண்டவன்.

1987 தீபாவளிக்குப் பாட்டி ஆம்பூரில் அத்தை வீட்டில் இருந்தாள். ஓடிவிடுவானோ என்று பயந்து, கெம்பனைத் திண்ணைத் தூணில் சங்கிலியால் கட்டினேன். அதைப் பாதுகாப்பு என்று நம்பினேன். தெருவில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். நான் ஓடி வந்தபோது சங்கிலி நுனியில் கழுத்துப்பட்டை மட்டும் கிடந்தது.

மூன்று நாள் அப்பாவும் நானும் சைக்கிளில் தேடினோம். வித்யாரண்யபுரம், சாமுண்டி மலையடிவாரம், திரும்ப ஒர்க்‌ஷாப் கேட். கிடைக்கவில்லை. ஊரிலிருந்து திரும்பிய பாட்டி என்னைத் திட்டவில்லை. ஹண்டேக்குப் பின்னால் அவனுக்காக விரித்திருந்த கோணியை மட்டும் கடைசிவரை எடுக்க விடவில்லை.

பாட்டியும் போய்விட்டாள். ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது.

2018இல் உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு இரவு 8 முதல் 10 வரை என்று நேரம் குறித்தது. அந்த நேரத்தை எல்லோரும் மதித்தால், நாயை எப்போது வெளியே கூட்டிப்போவது, எப்போது கதவைச் சாத்துவது என்றாவது தெரியும்.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால் இந்தத் தீபாவளிக்குக் கட்டிப்போடாதீர்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள், வாசல் கதவைத் தாழிடுங்கள். அது எந்த மூலையில் ஒளிந்தாலும் வெளியே இழுக்காதீர்கள். வெடி ஓயும்வரை வீட்டில் ஒருவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.