இன்று என்ன சமையல்?

உலகத்தில் எத்தனையோ கஷ்டமான கேள்விகள் இருக்கின்றன. கணித ஆசிரியை என்ற முறையில் அவற்றில் சிலவற்றை நானே கேட்டு, மாணவிகளின் சாபத்தையும் பெற்றிருக்கிறேன். ஆனால் "இன்று என்ன சமையல்?" என்ற கேள்விக்கு ஈடான ஒன்றை எந்தப் பரீட்சையிலும் நான் கண்டதில்லை. மற்றக் கேள்விகளுக்கு ஒரு தடவை விடை எழுதிவிட்டால் தீர்ந்தது. இதற்கோ இன்று விடை எழுதினால், நாளைக் காலையில் விடை அழிந்துபோய்க் கேள்வி மட்டும் பளிச்சென்று நிற்கும்!

எனக்கு விவாகமாகி இருபது வருஷமாகிறது. நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்துக்கொண்டாலும், இதுவரை 14,600 தடவை இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாயிற்று. சமைப்பது எனக்குச் சிரமமல்ல; தீர்மானிப்பதுதான் சிரமம். அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. மகளுக்குக் கத்தரிக்காயைத் தவிர வேறொன்றும் ஆகாது. மாமியாருக்குப் புளி கூடாது. எனக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள்மீது குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு விடை தெரிந்திராது.

இந்த நிலைமையில்தான் சென்ற வருஷம் மே மாத விடுமுறையில் கொரியாவின் தலைநகரமாகிய சியோலுக்குப் பிரயாணம் வாய்த்தது. என் தம்பி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு கொரிய மோட்டார்க் கம்பெனியில் வேலை பார்த்தவன். அவனைச் சியோலுக்கு மாற்றியிருந்தார்கள். அவன் மனைவி பிரசவத்துக்காக மதுரைக்குப் போயிருந்தாள். "அக்கா, நீ வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று எழுதினான். நானும் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், அப்பளம் இரண்டு கட்டு சகிதமாக ஆகாய விமானம் ஏறினேன்.

முதல் நாள் அரண்மனை பார்த்தோம். இரண்டாம் நாள் ஹான் நதிக்கரையில் உலாவினோம். மூன்றாம் நாள் காலையில் தம்பி பல் துலக்கிக்கொண்டே வந்து, "அக்கா, இன்று என்ன சமையல்?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. என் முகம் சொல்லியிருக்க வேண்டும். "சரி, சரி, நாளைக்கு மத்தியானம் வெளியிலே சாப்பிடலாம்" என்று அவன் அவசரமாகச் சொல்லிவிட்டு, யாருக்கோ டெலிபோன் செய்து வெகு நேரம் கொரிய பாஷையில் பேசினான்.

மறுநாள் மாங்வோன் சந்தைக்கு என்னை அழைத்துப் போனான். முள்ளங்கியும் கீரையும் மலைபோல் குவிந்திருந்த அந்தச் சந்தையைத் தாண்டி ஒரு சந்து. அதில் ஒரு சிறு கடை. மேஜைகள் நான்கே நான்கு. சுவரில் என்னென்ன கிடைக்கும் என்ற பட்டியலைத் தேடினேன், இல்லை. ஒரே ஒரு காகிதத்தில், மத்தியானச் சாப்பாடு 9,000 வோன் என்று எழுதியிருந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 550 ரூபாய். அதிகமாகத் தோன்றலாம், ஆனால் சியோலில் அது மலிவுதான்.

"எதைக் கொண்டுவரச் சொல்வது?" என்றேன்.

"ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர்கள் இன்று என்ன சமைத்தார்களோ அதைத்தான் போடுவார்கள்" என்றான் தம்பி.

இத்தகைய சாப்பாட்டை அங்கே 'பெக்பான்' என்கிறார்கள். வெள்ளைச் சோறு என்று பொருள். சோறு, ஒரு குழம்பு, சுற்றிலும் சிறு சிறு தட்டுகளில் 'பஞ்சான்' என்னும் தொடுகறிகள். எதைப் போடுவது என்பது சமைப்பவரின் இஷ்டம். ஜப்பானியர் நடத்தும் உயர்தர போஜனசாலைகளில், சமையற்காரரிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடும் முறைக்கு 'ஓமாகாசே' என்று பெயர். அங்கே ஓர் ஆளுக்கு இரண்டு லட்சம் வோன்கூடக் கேட்பார்கள். கொரிய மொழியில் 'இமோ' என்றால் தாயின் சகோதரி. நம்முடைய சித்தி அல்லது பெரியம்மா. சிறு கடைகளில் பரிமாறும் மாதரையும் அந்நாட்டார் 'இமோ' என்றே அழைக்கிறார்கள். இந்த இரண்டு வார்த்தைகளையும் ஒட்டுப்போட்டு, இத்தகைய எளிய கடைகளுக்கு 'இமோகாசே' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். 'சித்தி இட்டதே சாப்பாடு' என்று வைத்துக்கொள்ளலாம். பரிகாசமாகப் பிறந்த பெயர்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், கேட்காமலே நமக்குச் சோறு போடும் உரிமை சித்திக்கும் பெரியம்மாவுக்கும் அல்லாமல் வேறு யாருக்கு உண்டு?

கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். குள்ளமான உருவம், முழங்கைவரை சுருட்டிய சட்டைக் கை. தம்பியைக் கண்டதும் ஏதோ கேட்டார். "சாப்பிட்டாயா என்று கேட்கிறார், இந்த ஊரில் சௌக்கியமா என்று கேட்பதற்கு அதுதான் வழக்கம்" என்றான் அவன். நம் வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

பசி அறிந்த தேசத்தார்தான் அப்படிக் கேட்பார்கள். கொரியர் 1910 முதல் 1945 வரையில் ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தார்கள். அவர்கள் விடுதலை பெற்றதும் நம்மைப்போலவே ஓர் ஆகஸ்டு 15-ஆம் தேதிதான். இரண்டு வருஷம் முந்திக்கொண்டார்கள். பிறகு 1950-இல் மூண்ட யுத்தம் மூன்று வருஷம் ஊரையெல்லாம் சுட்டெரித்தது. பழைய நெல் தீர்ந்து, புதிய வாற்கோதுமை விளைவதற்கு முன்னுள்ள வசந்த காலத்தை அவர்கள் 'வாற்கோதுமை மேடு' என்று அழைத்தார்கள். மூச்சுத் திணற ஏறிக் கடக்க வேண்டிய மேடு! அந்தக் காலத்தில் மலைச்சரிவுகளில் கீரையும் கிழங்கும் பறித்து உயிர் பிழைத்தவர்கள் அநேகர்.

சோறு எவர்சில்வர்க் கிண்ணத்தில், மூடி போட்டு வந்தது. எவர்சில்வரைக் கண்டதும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தக் கிண்ணத்துக்கும் ஒரு கதை உண்டு. அரிசியை மிச்சப்படுத்துவதற்காக 1976-இல் சியோல் நகராட்சியார், சாப்பாட்டுக் கடைக் கிண்ணத்தின் உட்குறுக்களவு 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர் என்று திட்டம் செய்தார்களாம். சோற்றைக்கூட வட்டமும் உயரமுமாக அளந்த தேசம்! கணித ஆசிரியையின் மரியாதை அந்தக் கிண்ணத்துக்கு உடனே கிடைத்தது. அதைக் கையில் தூக்கப் போனேன். "அக்கா, வைத்துவிடு. கிண்ணத்தைத் தூக்கிச் சாப்பிடுவது இங்கே மரியாதையில்லை" என்று தம்பி காதோடு சொன்னான்.

பிறகு தட்டுகள் வரத் தொடங்கின. நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த கீரை; முளைகட்டிய சோயாப் பயறு; பெரணிச் செடியின் இளந்தண்டு வதக்கல்; வசந்த காலத்தில் மட்டும் கிடைக்கும் 'துருப்' என்னும் மரத்தின் தளிர். ஓக் மரத்துக் கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பழுப்பு நிறக் களி ஒன்று, துண்டு துண்டாக வந்தது. கடற்பாசியைக் காகிதம்போல் உலர்த்தி, நல்லெண்ணெய் தடவிச் சுட்ட 'கிம்' நம்முடைய அப்பளத்துக்குத் தம்பி முறை. நடுவில் 'த்வென்ஜாங்' என்னும் புளித்த சோயா விழுதில் செய்த குழம்பு, மண் சட்டியிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. அந்நாட்டு நல்லெண்ணெய், எள்ளை நன்றாக வறுத்த பிறகு ஆட்டியது. வாசனை கடை முழுவதும் கமழ்ந்தது. பஞ்ச காலத்தில் வயிற்றை நிரப்பிய கீரையும் களியும்தான் இன்று அங்கே ருசியான பண்டங்கள் என்று தம்பி சொன்னான்.

நான் மச்ச மாமிசம் தொடாதவள். அந்த ஊரில் குழம்பு என்றால் நெத்திலிக் கருவாட்டை வேகவைத்த நீரில்தான் தொடங்குவார்கள். ஆகையால் கொஞ்சம் அச்சமாகவே இருந்தது. ஆனால் தம்பி முதல் நாளே டெலிபோனில் சொல்லியிருந்தான். அந்த அம்மாள், கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் ஊறவைத்த நீரில் எனக்காகத் தனியே குழம்பு வைத்திருந்தார். கூட்டம் குறைந்த பிறகு வரும்படி ஒன்றரை மணிக்கு வரச் சொன்னதும் அதற்காகவே.

அப்போதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. உதவிக்கு இருந்த பையன் வழக்கம்போல் ஒரு தட்டுக் கிம்ச்சியை என்முன் வைத்துவிட்டுப் போனான். சிவப்பாக, ஆவக்காய் ஊறுகாய்க்கு அக்காள்போல் இருந்தது. இரும்புக் குச்சிகள் இரண்டையும் வைத்துக்கொண்டு வெகு பிரயாசையுடன் ஒரு துண்டைப் பிடித்து, வாயருகே கொண்டுபோனேன்.

சமையலறையிலிருந்து ஒரு கூச்சல்! அம்மாள் ஓடோடி வந்து, என் கையைப் பிடித்து, துண்டைத் தட்டிலே தள்ளி, தட்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அதில் உப்பிட்ட இறால் இருக்கிறதாம், அக்கா" என்றான் தம்பி.

சில நிமிஷங்களில் வேறொரு தட்டு வந்தது. இறாலும் மீனும் சேராமல், காலையில் எனக்கென்றே மிளகாய்ப் பொடியும் உப்பும் போட்டுப் பிசைந்த புதுக் கிம்ச்சி. அதை அவர் தம் கையாலேயே என் சோற்றின்மேல் வைத்தார். என் கண்களில் நீர் வந்துவிட்டது. காரம் தாங்கவில்லை என்று நினைத்து ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

காரமல்ல. என் தாயார் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு என் கையிலிருந்து ஒரு பண்டத்தை, "அது உனக்கு ஆகாது" என்று யாரும் பிடுங்கியதில்லை. ஒருவர் நமக்காகத் தீர்மானிப்பது என்றால் என்ன என்று அந்த க்ஷணத்தில் விளங்கிற்று. எதை இடுவது என்று அறிந்தால் மட்டும் போதாது. எதை இடக்கூடாது என்றும் அறிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர் இடுவது அதிகாரம். தெரிந்தவர் இடுவதுதான் அன்னம்.

சாப்பிட்டு முடிந்ததும் தம்பியின் மூலம் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் ஊகித்திருப்பீர்கள். "தினந்தோறும் என்ன சமைப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?"

அவர் சிரித்தார். "நான் எங்கே தீர்மானிக்கிறேன்? விடியற்காலையில் சந்தைக்குப் போவேன். எந்தக் கீரை நன்றாக இருக்கிறதோ அது சொல்லும்" என்றார்.

"நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள்?"

"எல்லாரும் போன பிறகு. மிச்சம் இருப்பதை. நின்றுகொண்டே."

இதை மொழிபெயர்த்துச் சொன்ன தம்பி, பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டிலும் யார் கடைசியில், நின்றுகொண்டே சாப்பிடுவது வழக்கம் என்பது அவனுக்குத் தெரியும். முன்பு அம்மா, இப்போது நான்.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், தம்பியின் அடுப்பில் புளியோதரை செய்தேன். கொரிய அரிசி ஒட்டிக்கொள்ளும் ஜாதி. எவ்வளவு ஆறவைத்தும் உதிரவில்லை. புளிப் பொங்கல் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. ஆயினும் அவர்கள் நாட்டு நல்லெண்ணெய் அதைக் காப்பாற்றிற்று. நான்கு அப்பளமும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மத்தியானக் கூட்டம் கலைந்த நேரத்தில் அந்தக் கடைக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாளை உட்காரும்படி ஜாடை காட்டினேன். அவருடைய எவர்சில்வர்க் கிண்ணத்திலேயே புளியோதரையை வைத்தேன்.

அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். இது என்ன, எதில் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரண்டியை எடுத்தார், மெதுவாகச் சாப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவும் இல்லை. கிண்ணம் காலியானதும் அதை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

ஊர் திரும்பியதும் வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சமையலறைக்குள் போகமாட்டேன்; என்ன சமையல் என்றும் கேட்கமாட்டேன்; உட்கார்ந்து சாப்பிடுவேன். முதல் ஞாயிறன்று அவரும் மகளும் சேர்ந்து சமைத்தார்கள். இலை போட்டு என்னை உட்காரவைத்து, சாம்பாரை ஊற்றிவிட்டு இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாம்பாரில் உப்பு இல்லை. சொல்வதற்கு வாயும் திறந்துவிட்டது. சட்டென்று அந்தக் கிண்ணத்தின் ஞாபகம் வந்தது. சாதத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, "இன்னும் கொஞ்சம் ஊற்று, அம்மா" என்றேன்.