வீட்டுக்கொரு மொழி, வீதிக்கொரு மொழி

ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலே, கிளீவ்லாந்து நகரிலிருந்து தெற்கு நோக்கி ஒன்றரை மணி நேரம் காரிற் சென்றால் ஹோம்ஸ் கவுண்டியை அடையலாம். கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. மேடும் பள்ளமுமான நிலம். எங்கும் சோள வயல்களும் பாற்பசுக்களும். தலைநகராகிய மில்லர்ஸ்பேர்க்கிலே குதிரை கட்டும் கம்பங்களைக் கண்டு வியந்தோம். கரிய குதிரை வண்டிகளில் வந்திறங்கியோர் ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினர். கடைக்காரரிடம் சரளமாக ஆங்கிலம் பேசிய அவர்கள், தம் பிள்ளைகளிடம் வேறொரு மொழியிற் பேசலாயினர்.

அம்மொழியின் பெயர் பென்சில்வேனியா டச்சு. பெயரைக் கேட்டதும் நம்மை ஆண்ட ஒல்லாந்தரை நினைத்தல் வேண்டா. இது ஜேர்மன் மொழியின் கிளை. 18ஆம் நூற்றாண்டிலே ரைன் நதிப் பகுதியிலிருந்து பென்சில்வேனியாவிற் குடியேறியோர் கொணர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆமிஷ் மக்கள் ஹோம்ஸ் பகுதிக்கு வந்தனர்.

இவர்கள் ஒவ்வொரு மொழிக்கும் ஓரிடம் வகுத்துள்ளனர். வீட்டிலும் வயலிலும் டச்சு. வேதநூலுக்கும் வழிபாட்டுப் பாடலுக்கும் ஏட்டு ஜேர்மன். பள்ளியிலும் அயலாரிடத்தும் ஆங்கிலம். கடிதம் எழுதுவதும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேதான். அயலூராகிய சுகர்கிரீக்கில் 1890இல் தோன்றிய 'பட்ஜெட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஊர்தோறுமுள்ள ஆமிஷ் மக்களே செய்தி எழுதி அனுப்புகின்றனர்.

குடிசன மதிப்பீட்டினர், வீட்டிற் பிறமொழி பேசுவோரிடம் ஆங்கிலத் திறனையும் வினவுவர். ஐந்து வயது முதற் கணக்கிடுவர். ஆமிஷ் பிள்ளையோ பெரும்பாலும் ஆறு வயதளவிற் பள்ளி புகுந்தபின்பே ஆங்கிலத்தைச் செவ்வனே கற்கின்றது. ஆகவே இன்று ஆங்கிலம் குறைந்தோர் பட்டியலில் இடம்பெறும் குழந்தை, சில ஆண்டுகளில் ஆங்கிலப் பத்திரிகை படிக்கும். கணக்குப் பொய்யன்று, எனினும், அக்குறை நாளடைவில் நீங்குவதை அது காட்டுவதில்லை.

நிற்க. இதே மொழியைப் பேசிய லூதரன் முதலிய பிற சபையார் 20ஆம் நூற்றாண்டிலே தம் மக்களுக்கு அதனைக் கையளிக்காது விட்டனர். அவரிடையே அது மறைந்து வருகின்றது. ஆமிஷ் மக்களோ 2024இல் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். அவருட் பெரும்பாலோர் இம்மொழியே பேசுகின்றனர்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. தொலைக்காட்சி இல்லை, எட்டாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு முடிகின்றது. சமய நம்பிக்கையின் பொருட்டு அவ்வாறு நிறுத்த அவர்களுக்கு உரிமையுண்டென 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவராக விழையும் பிள்ளைக்கு அவ்வாழ்க்கையில் வழியில்லை.

கல்வியைக் கண்ணெனப் போற்றும் நாம் அவ்விலையைக் கொடுக்க இயலாது, கொடுக்கவும் வேண்டா. ஆயினும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம் உறவினர், "பள்ளியில் ஆங்கிலம் குறைந்துவிடுமே" என்றஞ்சி வீட்டிலே தமிழை விடுவதுண்டு. அவர்கள் இக்குதிரை வண்டிக்காரரைச் சற்று நோக்குவாராக. அங்கே பள்ளி ஆங்கிலத்தைக் கற்பிக்கின்றது. வீட்டு மொழியைக் கற்பிப்போர் தாயும் தந்தையுமே.