வெப்பம் எங்கே போகிறது?

சித்திரை மாதத்துப் பிற்பகல். கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்னறை. கூரை சீமெந்துத் தட்டாதலால், காலை முதல் வாங்கிய வெயிலை அது மாலையிலேதான் உள்ளே இறக்கத் தொடங்கும். அறையின் மூலையிலே கண்ணாடிப் பக்கமுடைய ஒரு பெட்டி. அதனுள்ளே ஒரு கணினி. அதன் முன்னே, பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த ஓர் இளைஞன். அடுத்த அறையிற் படுத்திருந்த அப்பாச்சி, இடைக்கதவால் வந்த அனல் தாங்காது கேட்டார்:

"தம்பி, உதுக்குள்ளை என்ன அடுப்பே மூட்டி வைச்சிருக்கிறாய்?"

இளைஞன் சிரித்தான். ஆயினும், அம்மூதாட்டியின் உவமை மிகையன்று. 18 சென்ரிமீற்றர் விட்டமும் 1500 உவாற்று வலுவும் உடைய மின்னடுப்புத் தட்டொன்றின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் ஏறத்தாழ 6 உவாற்று வெப்பத்தை வெளிவிடும். 2022 இல் வெளிவந்த என்விடியா ஆர்.ரி.எக்ஸ். 4090 என்னும் வரைகலை அட்டைக்குத் தயாரிப்பாளர் குறித்த வலு 450 உவாற்று. அதன் பெரும்பகுதி ஏறத்தாழ 6 சதுர சென்ரிமீற்றர் பரப்புடைய ஒரு சில்லிலே செலவாகின்றது. அடுப்புத் தட்டிலும் பத்து மடங்கு அளவான வெப்பச் செறிவு, ஒரு தபால் முத்திரையளவு இடத்திலே! கணினி செய்யும் வேலை எத்தகையதாயினும், அது பெறும் மின்சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. திரையிலே கோட்டைகள் எழுகின்றன, சேனைகள் மோதுகின்றன. விளையாட்டு முடிந்ததும் அவை மறைந்துவிடும். அவற்றை வரைந்த மின்சாரம் மாத்திரம் சூடாக அறையில் எஞ்சிநிற்கும்.

அவனுடைய கணினி அத்துணை வலுவுடையதன்று. இரண்டாண்டுகள் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்துச் சேர்த்த பணத்தில், பெரும்பாலும் கைமாறி வந்த உறுப்புகளைக் கொண்டு அவன் தானே பொருத்தியது. முதலில் அதனைக் காற்றே குளிர்வித்தது. செயலியின் மீது ஒரு செப்புத் தளம். அதிலிருந்து எழும் செப்புக் குழாய்கள். அவற்றைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள். பக்கத்தில் ஒரு விசிறி. வெளிப்பார்வைக்கு எளிமையாகத் தோன்றினும், அக்குழாய்களின் உள்ளே நுட்பமான ஒரு சுழற்சி நிகழ்கின்றது. காற்றகற்றப்பட்ட குழாயினுள் இருக்கும் சிறிதளவு நீர், சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே ஒடுங்கி, உட்சுவரின் நுண்டுளைகள் வழியே மீண்டும் வந்து சேர்கின்றது. 1963 இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திலே ஜோர்ஜ் குறோவர் என்பார் விருத்தி செய்த முறை இது. அப்பாச்சியின் கட்டிலருகே இருந்த மண்பானையும் ஆவியாதலின் மறைவெப்பத்தைக் கொண்டே தண்ணீரைக் குளிர்வித்தது. பானை ஆவியை வெளியே விட்டுவிடுகின்றது. குழாய் அதனைத் திருப்பி அழைக்கின்றது. வேறுபாடு அவ்வளவே.

மார்கழியிற் போதுமாயிருந்த இவ்வேற்பாடு சித்திரையிற் போதாதாயிற்று. அறையின் வெப்பநிலை 33 பாகை. செயலி 96 பாகையை எட்டியது. இத்தகைய செயலிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் இயல்புடையன. வரம்பை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துவிடும். விளையாட்டு இடையிடையே தடங்கியது. விறகில்லாத அடுப்புப்போலத் தன் இயந்திரம் சோர்வதை அவனாற் பொறுக்க முடியவில்லை.

ஆகவே நீரை நாடினான். ஒரே கனவளவை எடுத்து நோக்கின், நீரானது காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது. மத்திய செயலிக்கும் வரைகலைச் செயலிக்கும் செப்புத் தொகுதிகள், ஒரு சிறு பம்பி, நெகிழ்ச்சியான குழாய்கள், மூன்று விசிறிகள் பூட்டிய ஒரு றேடியேற்றர் என்பன கொழும்பிலிருந்து வந்தன. கிணற்று நீரை அவன் பயன்படுத்தவில்லை. சுண்ணக்கல்லின் மீது கிடக்கும் யாழ்ப்பாணத்து நீர், கேத்திலின் அடியில் வெண்படை கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். அப்படை, தொகுதியின் மயிரிழையன்ன கால்வாய்களை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் அரிப்பைத் தடுக்கும் மருந்துமே ஊற்றப்பட்டன. ஓரிரவு முழுவதும் காகிதத் துணுக்குகளை மூட்டுகளின் கீழ் வைத்து, ஒரு துளியேனும் கசிகின்றதா எனக் காத்திருந்தான். கசியவில்லை. மறுநாள் செயலி 71 பாகையிலே நின்றது. அன்று அவ்வீட்டில் அவனைப்போல் மகிழ்ந்தவர் எவருமில்லை.

மூன்றாம் நாளிரவு அப்பாச்சிக்குத் தலைசுற்றியது. எழுந்து தண்ணீர் எடுக்கச் சென்றவர் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். வந்து பார்த்த வைத்தியர், "வேர்த்துக் களைச்சுப் போனா. காத்துள்ள இடத்திலை படுக்க விடுங்கோ" என்று கூறிச் சென்றார். கட்டில் விறாந்தைக்கு இடம் பெயர்ந்தது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. பின்னறையின் இடைக்கதவை மாத்திரம் இழுத்துச் சாத்தினார்.

அவனுக்கு விளங்காதது ஒன்றுதான். இயந்திரம் முன்னையிலும் குளிர்ந்திருக்க, அறை ஏன் முன்னையிலும் சூடாகின்றது? சுவரிலிருந்த வெப்பமானி 36 பாகை காட்டியது. மின்செருகியிற் பொருத்தியிருந்த மானியை நோக்கினான். முன்பு 430 உவாற்றில் நின்ற அளவு, இப்போது 510 ஆக உயர்ந்திருந்தது. விடை அங்கேயே இருந்தது. முன்பு வெப்பம் தடுத்ததால் இயந்திரம் தன்னைத் தானே அடக்கிக்கொண்டது. இப்போது தடையில்லை, ஆகவே முழு வேகத்தில் ஓடுகின்றது, கூடுதலான மின்னை உண்கின்றது, கூடுதலான வெப்பத்தைக் கக்குகின்றது. அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை வெளிவிடுவார். அப்பெட்டி, ஐந்து பேரை அச்சிற்றறையில் நாள்தோறும் குடியிருத்தியிருந்தது.

குளிர்விப்பான் வெப்பத்தை அழிப்பதில்லை. அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்கின்றது. இவ்வுண்மையை அவன் பள்ளியிலே படித்திருந்தான். அதன் பொருளை இப்போதுதான் உணர்ந்தான்.

கணினியின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. திரான்சிற்றர்கள் சிறுக்குந்தோறும் அவை வேண்டும் வலுவும் குறையும். எனவே ஒரே பரப்பில் எத்தனையைச் செறித்தாலும் வெப்பம் பெருகாது என்பதை 1974 இல் றொபேட் டெனாட் முதலானோர் எடுத்துக்காட்டினர். மிகச் சிறிய அளவுகளில் மின்னோட்டம் கசியத் தொடங்கவே அவ்விதி தளர்ந்தது. 2004 இல் இன்ரெல் நிறுவனம் 4 கிகாஹேட்சு வேகமுடைய பென்ரியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தைக் கைவிட்டது. எனினும் பசி அடங்கவில்லை. 1989 இல் அறிமுகமான 486 வகைச் செயலிகள் தொடக்கத்திற் பெரும்பாலும் விசிறியின்றியே இயங்கின. 2023 இல் வந்த கோர் ஐ9 14900 கே செயலிக்குக் குறிக்கப்பட்ட உச்ச வலு 253 உவாற்று. குளிர்விக்கும் முறை ஒருபடி உயர்ந்தால், வெப்பமும் ஒருபடி உயர்ந்து அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றது. 1985 இல் வெளிவந்த கிறே-2 என்னும் மீக்கணினியின் சுற்றுகள் மின்கடத்தாத் திரவமொன்றில் முற்றாக மூழ்கியிருந்தன. திரவம் வெப்பத்தைக் குளிர்நீருக்குக் கொடுத்தது. குளிர்நீர் அதனை வெளியே சுமந்து சென்றது. அங்கும் அழிவில்லை, கைமாற்றமே.

இன்னும் ஒருபடி செல்லவும் அவன் எண்ணியதுண்டு. றேடியேற்றர் எவ்வளவு பெரிதாயினும் நீரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறக்க இயலாது. குளிர்சாதனப் பெட்டியின் பொறிமுறையைச் சேர்த்தால் இறக்கலாம். ஆனால் ஈரப்பதன் மிக்க இந்நாட்டிலே, பனிபடுநிலைக்குக் கீழே சென்ற குழாயின்மேல் நீர்த்துளிகள் படிந்து மின்சுற்றை நனைக்கும். அன்றியும், அப்பொறி தான் உண்ணும் மின்னையும் வெப்பமாக்கி அதே அறையிற் சேர்க்கும். அவ்வெண்ணத்தை அவன் கைவிட்டான்.

அதன் பின்னர் அவன் செய்தது மிக எளியது. செயலிகள் பெறக்கூடிய வலுவுக்கு ஒரு வரம்பு விதித்தான். மானி 330 உவாற்றுக்கு இறங்கியது. அத்தனை குறைத்தும் விளையாட்டின் ஓட்டத்திற் கண்ணுக்குப் புலப்படும் குறையொன்றும் தோன்றாமை அவனுக்கே வியப்பாயிருந்தது. இறுதிச் சிறு வேகத்தைப் பெறுவதற்கே இயந்திரம் பெருமளவு மின்னை விழுங்கியிருக்கின்றது. அடுத்து, பெட்டியைத் தூக்கித் தோட்டப் பக்கத்து யன்னலோரம் வைத்து, றேடியேற்றரின் காற்று வெளியே செல்லுமாறு திருப்பினான்.

இரண்டு நாட்களின் பின் அப்பாச்சி தம் கட்டிலை உள்ளே போடச் சொன்னார். இடைக்கதவு மீண்டும் திறக்கப்பட்டது. "அடுப்பை நூத்துப்போட்டியோ?" என்று அவர் கேட்டார்.

"இல்லை அப்பாச்சி, தணிச்சு வைச்சிருக்கிறன்" என்றான் அவன்.