கப்பலும் கோப்பும்

கடற்படை என்றவுடன் வெண்ணிறச் சீருடையும் அலைகளைப் பிளந்து செல்லும் போர்க்கப்பலும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அச்சீருடையை ஒருவர் எத்தனை ஆண்டுகள் அணியலாம், எப்பதவி வரை உயரலாம், ஓய்வுக்குப் பின் எதைக்கொண்டு வாழலாம் என்பவற்றைப் பணியாளர் விதிகள் முடிவு செய்கின்றன. அவற்றைப் பற்றி நாம் பேசுவது அரிது. வேலையில் சேரும் வழியைக் கேட்பவர் பலர். சேர்ந்தபின் வளரும் வழியைக் கேட்பவர் சிலரே.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அவ்வழியே நாள்தோறும் சென்று பாடம் நடத்திய ஆசிரியன் நான். இருபுறமும் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் நிலம் அது. கடல் கண்ணுக்குத் தெரியாது. எனினும் அது தொலைவில் இல்லை. திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணத்தின் உப்பளங்கள் தென்படும். சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இப்பகுதியே. அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது. அவன் நாட்டு எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர் கருதுவர். துறைமுகம் இருந்த நாட்டின் பிள்ளைகள் கடற்பணியை எட்டாக் கனியாக எண்ணுவதைக் கண்டு நான் வருந்தியதுண்டு. ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் அப்பணியைப் பற்றிச் சொல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தேன்.

2019ஆம் ஆண்டில் ஒருநாள், பொறியியல் படித்து முடித்த முன்னாள் மாணவி ஒருத்தி தன் தாயுடன் வந்தாள். கடற்படையின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பிக்க அவள் விரும்பினாள். பத்தாண்டுப் பணி, வேண்டுமாயின் மேலும் நான்காண்டு நீட்டிப்பு என அறிவிப்பில் இருந்ததை நான் படித்துக் காட்டினேன். கழனி வேலை செய்யும் அந்தத் தாய் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “பதினாலு வருசம் கழிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டா, அப்புறம் என் பொண்ணு என்ன பண்ணுவா சார்?” என்று கேட்டார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் அதே கேள்வி அப்போது வழக்காக நின்றது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

அக்கேள்வியின் கனத்தை உணர, கடற்படையின் பதவிப் படிகளை அறிதல் வேண்டும். அதிகாரியாகச் சேர்பவர் சப் லெப்டினென்ட் ஆகிறார். 2 ஆண்டுகளில் லெப்டினென்ட், 6 ஆண்டுகளில் லெப்டினென்ட் கமாண்டர், 13 ஆண்டுகளில் கமாண்டர் என, உரிய தகுதிகளைப் பெற்றால், காலமே அவரை உயர்த்திச் செல்லும். அதற்கு மேல் கேப்டன் பதவி முதல் தேர்வுக் குழு முடிவு செய்யும். மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய மந்தண அறிக்கைகளும் கடலில் ஆற்றிய பணியும் அங்கே எடைபோடப்படும். மேலே செல்லச் செல்ல இடங்கள் குறுகும். கமாண்டர் 54 வயதில் ஓய்வு பெறுவார். வைஸ் அட்மிரல் 60 வயது வரை பணியாற்றலாம். படை என்பது கூம்பு போன்றது. எல்லாரும் உச்சியில் நிற்க இயலாது. ஆகவே, பலர் இடையில் நின்றுவிடுவதைக் குறையென்று சொல்ல முடியாது. ஏறுவதற்கான வாய்ப்பு எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததா என்பதே கேட்க வேண்டியது.

பெண்களுக்கு அது ஒன்றாக இருக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டப்படி, நடுவண் அரசு அறிவிக்கும் பிரிவுகளில் மட்டுமே பெண்கள் சேர முடியும். மருத்துவப் பணி நீங்கலாக ஏனைய பிரிவுகளின் கதவு 1991ஆம் ஆண்டு அறிவிக்கையால்தான் சிறிது திறந்தது. அதுவும் குறுகிய காலப் பணிக்கு மட்டுமே. நிரந்தரப் பணி பற்றிய கொள்கை பின்னர் வகுக்கப்படும் என்ற நம்பிக்கையில் பலர் சேர்ந்தனர். 2008இல் அக்கொள்கை வந்தபோது, கல்வி, சட்டம், கப்பல் கட்டுமானம் ஆகிய பிரிவுகளுக்கு மட்டும், அதுவும் இனிமேல் சேர்வோர்க்கு மட்டும் என வரையறுத்தது. பல்லாண்டுகள் உழைத்தோர் வெளியே நிற்க நேர்ந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள். 22 வயதில் சேரும் பெண், 13ஆம் ஆண்டில் கமாண்டர் ஆவாள். 14ஆம் ஆண்டு முடிவில், 36 வயதில், வீடு திரும்புவாள். கேப்டன் தேர்வுக் குழுவின் முன் அவள் பெயர் செல்லவே வழியில்லை. அதிகாரிகளின் ஓய்வூதியத்திற்கு 20 ஆண்டுப் பணி தேவை; ஆகவே அதுவும் இல்லை. திறமை குறைந்ததால் நின்றுபோனவர் வேறு; படிக்கட்டே முடிந்துபோனதால் நின்றவர் வேறு.

பெண் அதிகாரிகள் வழக்குத் தொடுத்தனர். 2015இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வின் வழியே, நிரந்தரப் பணிக்கான உரிமையை உறுதி செய்தது. உருசியாவில் கட்டப்பட்ட கப்பல்கள் சிலவற்றில் பெண்களுக்கெனக் கழிப்பறை இல்லை என்பதும் அங்கு முன்வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று; நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பணியில் இருப்போரை மூன்று மாதங்களுக்குள் பரிசீலிக்க ஆணையிட்டது. பரிசீலிக்கப்படாமலே விடுவிக்கப்பட்டோர்க்கு ஓய்வூதியப் பயன் கிடைக்கச் செய்தது.

தீர்ப்பு வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று எண்ணுதல் ஆகாது. இதற்குத் தரைப்படையில் ஒரு பாடம் உண்டு. அங்கும் பெண்களுக்கு நிரந்தரப் பணி உரிமை கிடைத்தது. ஆனால், அவர்களை அளக்கப் பழைய மந்தண அறிக்கைகளே எடுக்கப்பட்டன. அவை எழுதப்பட்ட காலத்தில் பெண்களுக்கு நிரந்தரப் பணியே இல்லை. ‘இவர் எப்படியும் சென்றுவிடப் போகிறவர்’ என்ற எண்ணத்தில் மேலோட்டமாக எழுதப்பட்ட மதிப்பெண், பிற்காலத்தில் அவருடைய தகுதிக்கே அளவுகோலாயிற்று. 2021 மார்ச்சு மாதம் உச்ச நீதிமன்றம் இதனை மறைமுகப் பாகுபாடு என்று கண்டது. எல்லார்க்கும் பொதுவாகத் தோன்றும் விதியும் சிலரை மட்டும் வெளியேற்றக்கூடும் என்பதை இவ்வழக்கு நமக்குக் காட்டுகிறது.

கடற்படையில் இதற்கு இணையானது கடற்பணி. கப்பலில் பணியாற்றாதவர் கப்பலுக்குத் தலைமை தாங்க முடியாது. தலைமை தாங்கிய பட்டறிவு இல்லாதவர் போர்ப்பிரிவில் உயர்பதவிக்குப் போட்டியிடுவது கடினம். எனவே போர்க்கப்பலில் பெண் பணியமர்வது படத்துக்காக நிற்கும் நிகழ்ச்சியன்று. அது பதவிப் படியின் முதற்கல். 2023ஆம் ஆண்டில் லெப்டினென்ட் கமாண்டர் பிரேர்ணா தியோஸ்தலி, ஐ.என்.எஸ். திரிங்கட் என்னும் சுற்றுக்காவல் கப்பலின் தலைமைக்கு அறிவிக்கப்பட்டபோது, இந்தியக் கடற்படைப் போர்க்கப்பல் ஒன்று முதன்முறையாகப் பெண் தலைமையைக் கண்டது.

நமக்கு அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினென்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த லெப்டினென்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்னும் பாய்மரப் படகில் புறப்பட்டனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்துத் தீவுகள், தென்னாப்பிரிக்கா வழியே 25,000 கடல் மைல்களுக்கு மேல் கடந்து, 2025 மே 29 அன்று கரை திரும்பினர். மறுநாளே தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் பயின்ற முதல் பெண் அணியினர் 17 பேர் பட்டயம் பெற்று வெளிவந்தனர். அவ்வகாதெமியின் நுழைவுத் தேர்வைப் பெண்கள் எழுத வழிவகுத்ததும் 2021ஆம் ஆண்டின் நீதிமன்ற ஆணையே.

என் மாணவி அவ்வாண்டு தேர்வாகவில்லை. இன்று அவள் வேறு பணியில் இருக்கிறாள். அவள் தாய் எழுப்பிய கேள்வியை மட்டும் அதன்பின் வந்த எல்லா மாணவர்க்கும் நான் கொண்டுசென்றேன். மேனிலை வகுப்பு முடிந்தபின் தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வையும், பட்டப்படிப்புக்குப் பின் எழிமலைக் கடற்படை அகாதெமியையும் நாடும் வழிகள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. எப்பணியை நாடினாலும், அறிவிப்பில் ஊதியத்தைப் படித்ததோடு நின்றுவிடாதீர்கள். பணிக்காலம், பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகியவற்றைச் சொல்லும் பகுதிகளையும் படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். நாளை அவ்விதிகளை எழுதும் இடத்தில் நீங்களே அமரும்போது, வரப்பில் நின்று கேட்கும் தாய்க்கும் விடை சொல்லும்படி அவற்றை எழுதுங்கள்.