மிச்ச ஆயில்

மினரல் ஆயிலோடு சிந்தெட்டிக்கை ஊற்றினால் என்ஜினுக்குள் பால் திரிந்த மாதிரி திரிந்துவிடும் என்பார்கள். திரியாது. கேனில் ஏபிஐ முத்திரை இருக்கிறதே, மற்ற ஆயில்களோடு கலந்தாலும் பிரியாமல் நிற்கிறதா என்பது அதற்கான சோதனைகளில் ஒன்று. மூடியின் அடியில் வெளுத்த பசையைப் பார்த்துவிட்டு, "கலந்து ஊத்தினதாலதான் அண்ணே" என்று வருகிறவர்களிடம் முதலில் கூலண்ட் டப்பாவைத்தான் காட்டுவேன். அளவு குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். குறையவில்லையா, பெரும்பாலும் அது பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடி, சூடேறுவதற்குள் அணைக்கப்படும் வண்டிக்குள் கோத்த ஈரம்.

சின்ன கார்கள் பலவற்றுக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். மூன்றரை லிட்டர் கேனில் மிஞ்சியதைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? பழைய பெட்ரோல் கார் என்றால் நான் தயங்காமல் கலப்பேன். ஆனால் கலந்ததன் குணம் வேறு. 5டபிள்யூ-30இல் பாதி, 20டபிள்யூ-40இல் பாதி என்றால், சூட்டில் அதன் கெட்டி இரண்டுக்கும் நடுவில், சராசரிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். குளிரில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. சமவெளியில் அதனால் பாதகமில்லை. ஜனவரி விடியலில் ஊட்டியில் ஸ்டார்ட் ஆக வேண்டிய வண்டிக்கு நான் கலப்பதில்லை.

தரம் எப்போதும் தாழ்ந்த கேனின் பக்கமே. 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி ரகத்தோடு அலமாரியில் கிடந்த பழைய எஸ்எல் ரகத்தை அரை லிட்டர் விட்டால், மொத்தத்தையும் எஸ்எல் என்றே எழுதி, அடுத்த ஆயில் மாற்றத்தை முன்னால் இழுத்துவிடுவேன். 'முழு சிந்தெட்டிக், 10,000 கிலோமீட்டர்' என்ற பேச்சு அங்கே செல்லாது.

பிஎஸ்-6 டீசல் கார் வந்தால் மிச்ச ஆயில் அலமாரிப் பக்கமே திரும்புவதில்லை. சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற கரி ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரி அவ்வப்போது எரிந்துபோகும். ஆயிலில் உள்ள கால்சியமும் துத்தநாகமும் விடும் சாம்பல் எரியாது, அடைத்துக்கொண்டே வரும். அதற்கென்று சாம்பல் குறைந்த ஆயில் வருகிறது. அதில் பழைய லாரி ஆயிலைக் கலந்து மிச்சம் பிடிக்கிற சில நூறு ரூபாய், ஃபில்டரின் விலைக்கு முன்னால் காசே இல்லை.

பைக்கில் மிஞ்சிய 20டபிள்யூ-40 பழைய காருக்குப் போகலாம். காரில் மிஞ்சியது பைக்குக்குப் போகக் கூடாது. பைக்கின் கிளட்ச் தகடுகள் என்ஜின் ஆயிலிலேயே கிடக்கின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்த்த சரக்கு அவற்றை வழுக்கவிடலாம். அப்புறம் முறுக்க முறுக்க என்ஜின் கத்தும், வண்டி இழுக்காது.

திறந்து வைத்த கேனை ஒரு ராத்திரி அசைக்காமல் நிறுத்தி, மறுநாள் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, அடியில் தங்கும் கடைசிக் கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் பிடிப்பேன். மங்கலாக இருந்தாலும், தண்ணீர்த் துளி தனியே உருண்டாலும் அது என்ஜினுக்கு இல்லை.

தண்ணீர் பாட்டிலில் வருவதும் அப்படித்தான். என்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. "நல்ல ஆயில்தான் அண்ணே, மச்சான் குடுத்தது" என்பார்கள். மறுக்காமல் வாங்கிவைப்பேன். பட்டறை கேட்டின் கீலுக்கு ஆகும்.