ஒற்றைச் செருப்போடு ஜாஸ்

பழைய படம் ஒன்று இன்றைக்குக் கண்ணில் பட்டது. பத்து ஃபெரிங்கி கடற்கரை, பினாங்கு தீவு ஜாஸ் விழா. 2004இல் தொடங்கியது அது. மேல்நாட்டில் இதையெல்லாம் கோடையில் வைப்பார்கள். நமக்கு எது கோடை? வருசம் முழுக்க வெயில், நடுநடுவே மழை. இங்கே விழா டிசம்பரில் நடந்தது!

ஜெட்டியில் 101 பஸ் ஏறினோம், அக்காவும் நானும். "ஜாஸ் கேக்குற அளவுக்கு நாம என்ன பெரிய இடமாடா?" என்று வழியெல்லாம் புலம்பினாள். இசைக் கலைஞர்கள் பி. ரம்லியும் ஜிம்மி பாய்லும் நம்ம ஊர்க்காரர்கள்தானே என்றேன். முறைத்தாள்.

புல்தரையில் பாயை விரித்து உட்கார்ந்த பிறகு பேச்சே இல்லை. டபுள் பேஸ் வாசிக்கும்போது தரையில் ஊன்றிய உள்ளங்கை அதிர்ந்தது. தூறல் போட்டது, எங்களைச் சுற்றி யாரும் எழவில்லை. பாட்டு முடிந்ததும் சாக்ஸபோன்காரர் கருவியைக் கவிழ்த்து உதறினார், எச்சில் தண்ணீர் சொட்டியது. அக்கா என் தோளை இடித்தாள்: "நம்ம கோயில் நாதஸ்வரக்காரரு சீவாளியத் துடைக்கிற மாதிரியே இல்ல?" அதற்கப்புறம் அவள் முன்வரிசைக்குப் போய்விட்டாள். ஒரு செருப்பு மணலோடு போனது.

கடைசி பஸ்ஸையும் விட்டோம். மாமாக் கடையில் மீ கோரெங் வரும்வரை, ஒற்றைச் செருப்போடு, மேசையில் விரலால் அந்த பேஸ் தாளத்தையே தட்டிக்கொண்டிருந்தாள்.