எண்ணெயும் எச்சமும்

1900 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே சிறிய டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் இயக்கிக் காட்டப்பட்டது. ஆயினும் தாவர எண்ணெய் அவ்வடிவிலேயே எரிபொருளாக நிலைபெறவில்லை. அதன் பாகுத்தன்மை மிகுதி. இயந்திரத்தினுள்ளே கரியைப் படியவிடும் இயல்பும் அதற்கு உண்டு. இத்தடையை நீக்கும் வழியொன்றிற்கு 1937 இல் பெல்ஜிய நாட்டுச் சவான் என்பார் ஆக்கவுரிமை பெற்றார். எண்ணெயை மதுசாரத்துடன் தாக்கமுறச் செய்து மெல்லிய எசுத்தராக மாற்றுவதே அவ்வழி. மறு ஆண்டு பிரசெல்சுக்கும் லூவேனுக்கும் இடையே பயணிகள் பேருந்தொன்று பாமெண்ணெயின் எசுத்தரில் ஓடிற்று.

இன்று உயிரியல் டீசல் என வழங்கும் பொருளுக்கு அடிப்படை இத்தாக்கமே. 100 கிலோகிராம் எண்ணெயுடன் ஏறத்தாழ 11 கிலோகிராம் மெதனோல் சேர, ஏறத்தாழ 100 கிலோகிராம் எரிபொருளும் 10 கிலோகிராம் கிளிசரோலும் பிறக்கும். ஏட்டுக் கணக்கு இத்துணை எளிதாயின் இடர் எங்கே? தாக்கம் மீளுந் தன்மையது. அதனை முன்னோக்கிச் செலுத்துவதற்கு மெதனோலை இருமடங்காக இடுவர். எஞ்சும் பாதியை வடித்து மீட்காது எரிபொருளைக் கழுவினால் அது கழிவுநீரோடு போய்விடும். மெதனோலோ பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து ஆக்கப்படுவது, நச்சுடையது. பசுமை எரிபொருள் என்று புகழப்படுவதன் பின்வாசலில் இத்தகைய நீர் வழிந்தோடுமாயின் அப்புகழுக்குப் பொருளில்லை. தாக்கத்தை இரு கட்டங்களாக நடத்தி, இடையே கிளிசரோலைப் பிரித்தெடுத்தால் குறைந்த மெதனோலே போதுமானதாகும். புதிய கருவி எதனையும் வேண்டாத இத்திருத்தம் கவனிக்கத்தக்கது.

செலவின் பெரும்பகுதி எண்ணெயின் விலையே. ஆதலின் உணவகங்களிற் பொரித்து எஞ்சிய எண்ணெயை நாடுவர். உணவுக்குரிய எண்ணெயை இயந்திரத்துக்கு ஊட்டும் பழியும் அதனால் நீங்கும். ஆனால், பலமுறை காய்ந்த எண்ணெயிற் கட்டற்ற கொழுப்பமிலம் பெருகியிருக்கும். ஊக்கியாக இடும் சோடியமைதரொட்சைட்டு அதனோடு கூடிச் சவர்க்காரமாகிவிடும். (வேண்டிச் செய்தாற் சவர்க்காரம் ஒரு தொழில், வேண்டாது விளைந்தால் நட்டம்.) ஊக்கியும் வீணாகும், எரிபொருளும் கிளிசரோலும் பிரியாது குழம்பி நிற்கும். முதலிற் சல்பூரிக்கமிலத்தின் துணையோடு அக்கொழுப்பமிலத்தையும் எசுத்தராக்கிவிட்டால் இழப்பு இலாபமாகும். அத்தாக்கத்தில் விளையும் நீரை அகற்ற மறந்தால் உழைப்பு பாழ்.

ஊக்கியின் தெரிவிலும் சிக்கனம் உண்டு. பொற்றாசியமைதரொட்சைட்டு விலை சற்றுக் கூடியது. எனினும் இறுதியில் அதனைப் பொசுபோரிக்கமிலத்தால் நடுநிலையாக்கினால் எஞ்சும் உப்பு பயிருக்கு உரமாகும். மலிந்த சரக்கையே தேடுவோர் இதனைக் காண்பதில்லை. திண்ம ஊக்கியைக் கையாளும் ஆலையொன்று 2006 இல் பிரான்சின் செத் துறைமுகநகரில் இயங்கத் தொடங்கிற்று. அம்முறையிற் சவர்க்காரமும் இல்லை, கழுவுநீரும் இல்லை. கிளிசரோலும் தூயதாய்க் கிடைக்கும். அதற்கு ஈடாக வெப்பநிலையையும் அமுக்கத்தையும் மிக உயர்த்த வேண்டியுள்ளது.

கிளிசரோலின் கதை விசித்திரமானது. முன்னர் பெற்றோலிய வழியில், எபிக்குளோரோஐதரின் என்னும் பொருளிலிருந்து அதனை ஆக்கினர். உயிரியல் டீசல் பெருகியதும் கிளிசரோல் சந்தையிற் குவிந்து விலை வீழ்ந்தது. 2007 இல் பிரான்சின் தவோவில் அவ்வழி தலைகீழாக்கப்பட்டது. கிளிசரோலிலிருந்து எபிக்குளோரோஐதரின் ஆக்கப்படலாயிற்று.

இவையெல்லாம் பேராலைக்குக் கைகூடுவன. சிறு பட்டறையின் நிலை வேறு. அங்கே தாக்கக் கலத்தை வாங்கியவுடன் முதல் கரைந்துவிடுகிறது. மெதனோலை மீட்கும் வடிகலம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகிறது. அதுவரை ஒவ்வொரு தொகுதியிலும் மெதனோலின் பாதி வெளியேறிக்கொண்டே இருக்கும். சிறிய கலத்தோடு தொடங்கினாலும் வடிகலத்தையும் உடன் வாங்குவதே தகும்.